ஆடு செத்தால் யார் கணக்கு?

நிலமில்லாத ஒரு குடும்பத்துக்குக் கறவை மாட்டையோ நான்கு ஆடுகளையோ கொடுத்தால் அந்தக் குடும்பம் வறுமையிலிருந்து ஏறி வந்துவிடுமா? சில இடங்களில் ஏறி வந்திருக்கிறது, சில இடங்களில் வரவில்லை. இதுவரை சேர்ந்திருக்கும் சான்றுகளின் சாரம் இவ்வளவுதான். எங்கே ஏறியது, எங்கே ஏறவில்லை, ஏன் என்று பிரித்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது: அரசுகளும் பொருளியலாளர்களும் தொண்டு நிறுவனங்களும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, எல்லாம் ஒரே கேள்வி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இந்தப் பதில்களை உரசிப் பார்க்க ஒரு நிலப்பரப்பைக் கண்முன் வைத்துக்கொள்வது நல்லது. திண்டுக்கல் மாவட்டத்தின் பழனி வட்டத்தில், மலையடிவாரச் சமவெளியில் இருக்கும் பேரூராட்சி நெய்க்காரப்பட்டி. கரும்பு, நெல், மக்காச்சோளம், தென்னை, கரும்பை நம்பி வெல்லம் காய்ச்சும் ஆலைகள் உள்ள பகுதி. தெற்கே மலைக்காடு. வடக்கே தாராபுரம், காங்கேயம் வரை நீளும் வறண்ட மேய்ச்சல் நிலம். ஆடு மாட்டுக்குத் தீனியே இல்லாத ஊரென்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தீனி வளரும் நிலம் யாருடையது என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

சாவா மூவாப் பேராடு

உயிருள்ள சொத்தை ஒருவரிடம் ஒப்படைத்து, அதன் பலனைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் விளக்குக்காக ஆடுகளை இடையர்களிடம் விடும் கொடைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். பெற்றுக்கொண்டவர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு சாவதுமில்லை, கிழடு தட்டுவதுமில்லை என்று வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் இது. செத்ததைக் குட்டிகளைக் கொண்டு ஈடு செய்துகொள்வது இடையர் பொறுப்பு. கோயிலுக்கு வர வேண்டிய நெய் குறையாது. நோயும் பஞ்சமும் வந்தால் அந்த நட்டம் முழுக்க வளர்ப்பவர் தலையில் விழும். 96 ஆடுகள் கொண்ட மந்தைக்கு அதைத் தாங்கும் வலு ஓரளவு இருந்திருக்கலாம்.

ஊர்களில் இன்றும் புழங்கும் வார முறை இதற்கு நேர்மாறானது. ஆடு வைத்திருப்பவர் பெட்டையை இன்னொருவரிடம் வளர்க்க விடுவார். ஈனும் குட்டிகளில் பாதி அவருக்கு, பாதி வளர்ப்பவருக்கு. தாயாடு நோயில் செத்தால் பொதுவாக அந்த நட்டம் உரியவரைச் சேரும், வளர்ப்பவருக்குப் போவது உழைப்புதான். கையில் காசில்லாத பெண் ஒருவர் இரண்டு மூன்று ஈத்துக்குப் பிறகு சொந்தப் பட்டி போட இந்த முறை வழிவிட்டிருக்கிறது. உரியவருக்கும் கூலியில்லாமல் மந்தை பெருகியிருக்கிறது. இதைச் சுரண்டல் என்பதா, ஏழைகளின் வங்கி என்பதா என்பது ஊருக்கு ஊர் மாறும். பின்னால் வந்த திட்டங்களை எடைபோட இந்த இரண்டு ஏற்பாடுகளுமே போதும். ஆடு சாகும்போது கணக்கு யார் பேரில் எழுதப்படுகிறது என்று பார்த்தால், பல முடிவுகளுக்கு விளக்கம் கிடைத்துவிடுகிறது.

கடனோடு வந்த மாடு

சுதந்திர இந்தியாவின் பெரிய பதில் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம். 1978–79இல் தேர்ந்தெடுத்த ஒன்றியங்களில் தொடங்கி, 1980 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதற்கும் விரிந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு வருமானம் தரும் சொத்து ஒன்றை வாங்கித் தருவது நோக்கம். பெரும்பாலும் அந்தச் சொத்து மாடு, எருமை, ஆடு. மானியம் சிறு விவசாயிகளுக்கு 25 விழுக்காடு, குறு விவசாயிகளுக்கும் கூலிகளுக்கும் மூன்றில் ஒரு பங்கு, பழங்குடியினருக்குப் பாதி. மிச்சம் வங்கிக் கடன். ஆக மாடு செத்தாலும் கடன் சாகாது. சோழர் காலத்து ஒப்பந்தம் வங்கிப் புத்தக வடிவில் திரும்பி வந்தது, ஆனால் 96 ஆடுகளுக்குப் பதில் இப்போது ஒரே ஒரு மாடு.

இதன் மீதான கூர்மையான விமரிசனம் 1985இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி’யில் பொருளியலாளர் நீலகண்ட ரத் எழுதிய கட்டுரை. திட்டம் ஏழாண்டு நடந்து முடியும்போது கிராமப்புற ஏழைகளில் சுமார் 3 விழுக்காட்டினர்தான், அதுவும் தற்காலிகமாக, வறுமைக்கோட்டைத் தாண்டியிருப்பார்கள் என்பது அவர் மதிப்பீடு. இத்தனை மாடுகளை வாங்கக் கறவைகள் எங்கே இருக்கின்றன, தீவனம் எங்கே, பால் போகும் வழி எங்கே என்று கேட்டார். சொத்தைவிடக் கூலி வேலையை உறுதி செய்வதே பெரும்பாலான ஏழைகளுக்கு ஏற்றது என்பது அவர் வாதம். இன்னொரு பொருளியலாளரான எம். எல். தந்த்வாலா மறுத்தார். கூலி வேலை ஏழையைக் கூலியாகவே வைத்திருக்கும், சொத்தின் வழி குறுகலானது என்பதற்காக அதை அடைத்துவிட வேண்டியதில்லை என்ற பக்கம் நின்றவர்களில் அவர் ஒருவர். 1990இல் ஜான் திரேஸ், உத்தரப் பிரதேசத்தின் பாலன்பூர் கிராமத்தில் கிடைத்த தரவுகளை வைத்து, மானியம் உண்மையான ஏழைகளைச் சரியாகச் சேரவில்லை என்று காட்டினார். 1996இல் வந்த பத்திரிகையாளர் பி. சாய்நாத்தின் புத்தகம் ஒடிசாவில் நடந்த ஒரு கலப்பினத் திட்டத்தைப் பதிவுசெய்திருக்கிறது. ஏழைகளுக்குக் கலப்பின மாடு உருவாக்கித் தருவதற்காக உள்ளூர்க் காரியார் காளைகளுக்குக் காயடித்தார்கள். கோடிகள் செலவாயின. கடைசியில் மிஞ்சியது எட்டுக் கன்றுகள். பால் கூடவில்லை, நாட்டினமும் போயிற்று.

ரத்தின் வாதத்தில் ஒரு பலவீனம் உண்டு. கூலி வேலைக்கும் சொத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்டார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணே வீட்டில் இரண்டு ஆடும் வைத்திருக்கிறார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று உழைப்பு பிரிந்துபோகிறது. இந்தக் கலப்பு வாழ்க்கை 1985 விவாதத்தில் எந்தப் பக்கத்தாருக்கும் சரியாகக் கண்ணில் படவில்லை.

2011: விலையில்லா ஆடு, மாடு

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய திட்டம் வங்கியை வெளியேற்றிவிட்டது. ஐந்தாண்டில் 60,000 குடும்பங்களுக்கு ஒவ்வொரு கறவை மாடு, 7 லட்சம் குடும்பங்களுக்கு நான்கு நான்காக 28 லட்சம் ஆடுகள் என்பது இலக்கு. பயனாளிகள் பெண்கள். ஆடு பெறும் குடும்பம் நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பமாக இருக்க வேண்டும். பட்டியல் கிராம சபை முன்னிலையில் வைக்கப்பட வேண்டும். காப்பீட்டுச் செலவும் திட்டத்துக்குள்ளேயே. கடனில்லை என்பதால், முந்தைய திட்டத்தின் மிகப் பெரிய குற்றச்சாட்டு இதற்குப் பொருந்தாது. 2021இல் வந்த ஆட்சியில் இதன் வாரிசாக, கணவரை இழந்த, கைவிடப்பட்ட, ஆதரவற்ற பெண்கள் 38,800 பேருக்குத் தலா ஐந்து ஆடுகள் தரும் திட்டம் வந்தது. கட்சி மாறினாலும் ஆடு மாறவில்லை.

புகார்கள் வேறு திசையிலிருந்து வந்தன. அரசு ஒரே நேரத்தில் சந்தைக்குள் இறங்கியதால் ஆட்டு விலை ஏறிவிட்டது, ஒரே ஆடு பல பயனாளிகள் பேரில் காட்டப்பட்டது, தரகர்கள் சம்பாதித்தார்கள் என்றெல்லாம் பேசப்பட்டது. வியாழக்கிழமை கூடும் அய்யலூர் ஆட்டுச் சந்தை போன்ற இடங்களில் ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கில் அரசுக் கொள்முதல் நடந்தால் விலை நகராமல் இருப்பது கடினம்தான். ஆனால் இது திட்டத்தை நடத்தும் முறையில் உள்ள கோளாறு. ஆடு கொடுப்பதே தவறு என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

எண்களிலிருந்து என்ன தெரிகிறது? கால்நடைக் கணக்கெடுப்புகளின்படி தமிழ்நாட்டின் வெள்ளாடுகள் 2007இல் சுமார் 93 லட்சம், 2012இல் 81 லட்சம், 2019இல் 99 லட்சம். செம்மறி ஆடுகள் 2012இல் ஏறக்குறைய 48 லட்சம், 2019இல் 45 லட்சம். வெள்ளாடு 17 லட்சத்துக்கு மேல் கூடியதைத் திட்டத்தின் வெற்றியாகக் காட்டலாம். 28 லட்சம் என்ற இலக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதே எண் தோல்வி போலவும் தெரியும். இரண்டுமே அவசரம். கொடுத்த ஆடுகள் பெரும்பாலும் மாநிலத்துக்குள்ளேயே வாங்கப்பட்டவை, அதாவது ஒரு வீட்டுப் பட்டியிலிருந்து இன்னொரு வீட்டுப் பட்டிக்குப் போனவை. இடையில் 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. ஆட்டின் தலையை எண்ணி வறுமையை அளக்க முடியாது. விற்கப்பட்ட ஆடு கணக்கெடுப்பில் இல்லாமற்போகும். அந்தப் பணத்தில் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டிருந்தால் அது திட்டத்தின் தோல்வி ஆகாது.

வங்கத்தின் பதிலும் மேதக்கின் எதிர்ச்சான்றும்

உலகளவில் இன்று அதிகம் பேசப்படும் பதில் வங்கதேசத்தின் பிராக் நிறுவனம் 2002இல் தொடங்கிய முறை. மாட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல், சில மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவுக்கு உதவித்தொகை, வாராவாரம் வீட்டுக்கு வரும் பணியாளர், சேமிப்பு, மருத்துவ உதவி, வளர்ப்புப் பயிற்சி என எல்லாவற்றையும் ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒரு கட்டாகத் தருவது. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்த சோதனையின் முடிவுகளை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2015இல் வெளியிட்டனர். நுகர்வும் சொத்தும் கூடியிருந்தன. உதவி நின்று ஓராண்டுக்குப் பிறகும் அது பெரும்பாலும் நிலைத்தது. மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்தில் பந்தன் நிறுவனம் நடத்திய திட்டத்தைப் பத்தாண்டு கழித்து அளந்தபோதும் பலன் இருந்தது. 2018இல் பிகார் அரசு இதே முறையைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது.

ஏன் ஏறுகிறார்கள் என்பதற்கு 2022இல் வந்த, கிளேர் பால்போனி உள்ளிட்டோரின் ஆய்வு ஒரு விளக்கம் தருகிறது. வங்கதேசத் தரவுகளில் அவர்கள் ஓர் எல்லைக்கோட்டைக் கண்டார்கள். மாடு கிடைப்பதற்கு முன்பே கொஞ்சம் உடைமை வைத்திருந்த பெண்கள், மாட்டோடு சேர்த்து அந்தக் கோட்டைத் தாண்டி, பிறகு தாமாகவே ஏறினார்கள். ஒன்றுமே இல்லாதவர்கள் மாடு கிடைத்தும் கோட்டுக்குக் கீழேயே நின்று, மெல்ல மெல்லப் பழைய நிலைக்குச் சரிந்தார்கள். மாடு வளர்ப்பவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. ஒற்றைக் கறவை பால் வற்றி நிற்கும் மாதங்களில் வீட்டுக்கு வரவே இல்லை, தீனிச் செலவு மட்டும் நிற்காது. இரண்டு மாடு இருந்தால் ஒன்று வற்றும்போது மற்றது கறக்கும். கட்டி வைக்கக் கொட்டகையும், வண்டி வாடகை கொடுத்துச் சோளத்தட்டு ஏற்றி வரக் காசும் இல்லாத வீட்டில் ஒரு மாடு வந்து நிற்பது நல்வாய்ப்பா, கூடுதல் சுமையா என்பதை ஊரே சொல்லிவிடும்.

தமிழக வாசகர் கவனிக்க வேண்டிய சோதனை இன்னொன்று இருக்கிறது. பிராக் முறையையே எஸ்.கே.எஸ். நிறுவனம் அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்தில் நடத்தியது. பௌஷே, மோர்டக், ரவி ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி நிகரப் பலன் இல்லை. கால்நடை வருமானம் கூடியது, அதே அளவுக்குக் கூலி வருமானம் குறைந்தது. அப்பகுதியில் விவசாயக் கூலி உயர்ந்துகொண்டிருந்த காலம் அது. திட்டத்தில் சேராத பெண்கள் கூலிக்குப் போய் அதே உயரத்துக்கு வந்துவிட்டார்கள். பலர் கிடைத்த கால்நடையை விற்றுக் கடனை அடைத்தார்கள். ஆய்வாளர்கள் இதைத் தோல்வி என்று சொல்லவில்லை, ஓர் உழைப்பு இன்னோர் உழைப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்றே சொன்னார்கள்.

திண்டுக்கல் சமவெளி முர்ஷிதாபாத்தைவிட மேதக்குக்குத்தான் நெருக்கம் என்று தோன்றுகிறது. வேடசந்தூர், திண்டுக்கல் நூற்பாலைகளின் வேன்கள் கிராமங்களுக்கு வந்து பெண்களை ஏற்றிப் போகின்றன. வடமேற்கே திருப்பூர் இருக்கிறது. 2024–25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 319 ரூபாய். ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 35 ரூபாயானது, அடுத்த ஆண்டு டிசம்பரில் அதோடு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. அந்தக் கணக்கில் ஒரு நாள் கூலிக்குச் சமமாக எட்டு ஒன்பது லிட்டர் பால் ஊற்ற வேண்டியிருந்தது, தீவனச் செலவைக் கழிப்பதற்கு முன்பே. நூறு நாள் வேலை ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. வேலை இருக்கும் வயதில் இருப்பவருக்கும், ஆலை வேன் ஏற முடியாத அறுபது வயதுப் பாட்டிக்கும் ஆட்டின் மதிப்பு ஒன்றல்ல.

மாடு நட்டமா?

2013இல் அனாகோல், எடாங், கார்லன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு பலரை எரிச்சல்படுத்தியது. உத்தரப் பிரதேசத் தரவுகளில் குடும்ப உழைப்புக்குச் சந்தைக் கூலி போட்டுக் கணக்கிட்டால் பசுவின் சராசரி வருவாய் கழித்தல் 64 விழுக்காடு, எருமைக்குக் கழித்தல் 39. உழைப்பைச் சுழியம் என்று வைத்தாலும் பசு நட்டத்திலேயே நின்றது. அட்டனாசியோ, ஆக்ஸ்பர்க் இருவரும் ஆந்திரத்தின் அனந்தபூரில் பல ஆண்டுத் தரவுகளைப் பார்த்து இதற்குப் பதில் சொன்னார்கள். வறட்சி ஆண்டில் நட்டம் வரும், மழை பெய்த ஆண்டில் லாபம் வரும், ஒரே ஆண்டை அளந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றார்கள்.

இந்தச் சர்ச்சையில் போதிய கவனம் பெறாதது கிழட்டு மாட்டின் விலை. பால் நின்ற பசுவை விற்க முடியாத மாநிலத்தில் அதற்குச் சாகும்வரை தீனி போட வேண்டும், அல்லது அவிழ்த்து விட வேண்டும். பொள்ளாச்சிச் சந்தைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் பழனி வட்டாரத்தில் கதை வேறு. கேரள வியாபாரி தரும் விலை அடுத்த கிடேரி வாங்கும் செலவில் ஒரு பங்கைத் தாங்குகிறது. 2017 மே மாதம் மத்திய அரசு சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தபோது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சில நாட்களிலேயே இடைக்காலத் தடை விதித்தது. ஏழைக்கு மாடு கொடுக்கும் கொள்கையும் மாட்டை விற்கத் தடை போடும் கொள்கையும் ஒரே நாட்டில் ஒன்றையொன்று பார்க்காமல் நடந்தன.

புல் யாருடையது?

எல்லாப் பதில்களும் சறுக்கும் இடம் தீவனம். காங்கேயம், தாராபுரத்தைச் சுற்றியும் திண்டுக்கல் மாவட்டத்தின் சில பகுதிகளிலும் உள்ள கொரங்காடு உலகம் கவனித்த மேய்ச்சல் முறை. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரம். காங்கேயம் மாடுகளை வளர்த்தெடுத்த நிலம் இது. முழுக்கத் தனியார் பட்டா நிலமும்கூட. நிலமில்லாதவர் அங்கே மேய்க்க வேண்டுமானால் குத்தகைப் பணம் வேண்டும், அல்லது நிலக்காரரின் தயவு வேண்டும். தெற்கே உள்ள காடு 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. அந்தச் சுருக்கத்துக்குள்ளும் இந்த மலை அடங்கும். கண்மாய்க்கரை, புறம்போக்கு, சாலையோரம் இவைதான் மிச்சம்.

பாசனப் பகுதியில் கரும்பு வெட்டும் காலத்தில் தோகை கிடைக்கும், அறுவடைக்குப் பின் சோளத்தட்டு கிடைக்கும். அதுவும் யார் தோட்டத்தில் வேலைக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. இலவச ஆடு பெற்ற பெண் புல்லுக்காகத் தோட்டக்காரர் சொன்ன கூலிக்கு ஒப்புக்கொள்ள வேண்டிவந்தால், சொத்து கொடுத்த பேரம் பேசும் பலத்தைப் புல் பறித்துக்கொள்கிறது. நிலமில்லாதவருக்குத்தான் ஆடு என்ற 2011 விதி நியாயமானது. நிலமில்லாதவரின் ஆடு எங்கே மேயும் என்பதற்கான பதிலும் அதே ஆணையில் இருந்திருக்க வேண்டும். ருவாண்டா 2006 முதல் நடத்தும் கிரிங்கா திட்டம் ஒரு மாடு கொடுத்து முதல் கிடேரிக் கன்றை அடுத்த ஏழைக்குத் தரச் சொல்கிறது. நம் வார முறையின் அரசு வடிவம் போலத் தோன்றும் அந்தத் திட்டத்திலும் தீவனத்துக்கு இடம் இல்லாதவர்கள் திணறுவதாகவே தெரிகிறது.

சந்தையும் எல்லோருக்கும் ஒன்றல்ல. கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் 11 மாநிலங்களில் நடத்தி 2006இல் வெளியிட்ட தீண்டாமை ஆய்வில், ஏறக்குறைய பாதிக் கிராமங்களில் தலித்துகள் பால் கூட்டுறவுக்குப் பால் ஊற்றத் தடை இருந்தது பதிவாகியிருக்கிறது. ஆட்டுக்கு இந்தத் தடை இல்லை. வியாபாரி வாசலுக்கே வந்து பிடித்துப் போவார். மாட்டைவிட ஆடு ஏழைக்கு ஏற்றது என்ற பழைய கருத்துக்கு இப்படியொரு காரணமும் உண்டு, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

மாடா, ரொக்கமா?

பணமாகவே கொடுத்துவிடலாமே என்ற நிலைப்பாடு கென்யாவில் கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் நடத்திய சோதனைகளுக்குப் பின் வலுப்பெற்றது. என்ன வாங்குவது என்பது ஏழைக்குத் தெரியாதா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. இது மூலதனம் அல்ல, சீரான வரவு. மாடு வற்றிய மாதத்துத் தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் அதிலிருந்து எடுக்கலாம் என்றால், பிராக் கட்டில் இருந்த உதவித்தொகையின் வேலையை வேறொரு துறை தெரியாமலே செய்துகொண்டிருக்கிறது என்று சொல்லலாம். ரொக்கத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அது சேர்ந்து நிற்பதில்லை. ஆடு மெதுவாகக் கரையும் சேமிப்பு, அவசரத்துக்கு விற்கலாம், சில்லறையாகச் செலவழிக்க முடியாது.

இன்னும் தீராதவை

எந்தக் குடும்பம் எல்லைக்கோட்டைத் தாண்டும் என்பதை முன்கூட்டிச் சொல்ல நம்மிடம் நம்பகமான வழி இல்லை. கோட்டுக்கு அருகில் இருப்பவரைத் தேர்ந்தெடுத்தால் பலன் கூடும், மிக ஏழை விடுபடுவார். மிக ஏழையைத் தேர்ந்தெடுத்தால் ஒரு மாடு போதாது. இது அறவியல் தேர்வு, புள்ளிவிவரம் இதைத் தீர்க்காது.

இறப்பின் பொறுப்பும் பாதிதான் தீர்ந்திருக்கிறது. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி உண்டு. காப்பீடு காகிதத்தில் இருக்கிறது. காதுவில்லை விழுந்துபோன ஆட்டுக்கு, மருத்துவர் வந்து சான்று தருவதற்குள் புதைத்துவிட்ட ஆட்டுக்கு, இழப்பீடு வாங்குவது எளிதல்ல. 2013 கடைசியில் தென்மாநிலங்களில் கோமாரி பரவியபோது மாடுகள் செத்தன. அப்படியொரு ஆண்டில் ஒற்றை மாட்டுக் குடும்பத்துக்கு என்ன ஆகிறது என்பது, திட்டம் நல்ல ஆண்டில் தரும் லாபத்தைவிட முக்கியமான அளவுகோல் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

அளக்க வழியில்லாமலும் இல்லை. 2011 திட்டம் ஒரே நாளில் எல்லோருக்கும் போகவில்லை, ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறு குடும்பங்களுக்குப் போனது. ஒரே ஊராட்சியில் முதலாண்டில் ஆடு பெற்றவரையும் ஐந்தாம் ஆண்டில் பெற்றவரையும் ஒப்பிட்டால், இடையில் வந்த நான்காண்டு ஆட்டின் பங்கை ஓரளவு பிரித்துக் காட்டும். பாசனமுள்ள நெய்க்காரப்பட்டிப் பக்கத்தையும் வானம் பார்த்த வேடசந்தூர்ப் பக்கத்தையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் தீவனத்தின் பங்கும் தெரியலாம். பட்டியலுக்கே வராமல் ஆலை வேனில் ஏறிப்போன பெண் அதே நான்காண்டில் எங்கே நின்றார் என்பதையும் பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கும். அந்தப் பெண்ணின் பெயர் எந்தக் கால்நடை மருந்தகப் பதிவேட்டிலும் இருக்காது.